சிம்பன்சிக்குக் காடா, மீட்பு மையமா? – வாசகர் கேள்வி பதில்

சிம்பன்சிகளைப் பற்றி வந்த கடிதங்களில் ஒரே கேள்வி பல விதமாகக் கேட்கப்பட்டிருந்தது. அவற்றைச் சேர்த்து, ஆப்பிரிக்கக் காடுகளில் நடப்பதையும் மீட்பு மையங்களில் நடப்பதையும் தெரிந்தவர்களிடம் தந்து பதில் வாங்கியிருக்கிறோம்.

கே: உலகத்தில் புலிகள் சில ஆயிரம்தான். சிம்பன்சிகளோ லட்சக்கணக்கில் இருப்பதாகப் படித்தேன். அப்படியிருக்க அதுவும் அழியப்போகிறது என்பது மிகையில்லையா?

ப: மிகையில்லை. 1,70,000 முதல் 3,00,000 வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் மொத்தக் கணக்கு. ஆனால் சிம்பன்சி ஒரே கூட்டமாக ஒரே காட்டில் வாழும் விலங்கில்லை. மேற்கு, நைஜீரியா-கேமரூன், மத்திய, கிழக்கு என்று நான்கு துணையினங்கள் உண்டு. நைஜீரியா-கேமரூன் துணையினம் 9,000-க்கும் குறைவு. மேற்குத் துணையினம் 1990-க்கும் 2014-க்கும் இடையில் ஏறத்தாழ 80 சதவீதம் சரிந்துவிட்டது. அதனால்தான் 2016-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை ‘மிக அருகிய’ வகையில் சேர்த்தது. ஐவரி கோஸ்ட்டில் 1990-லும் 2007-லும் நடந்த இரண்டு கணக்கெடுப்புகளை ஒப்பிட்டால் சரிவு 90 சதவீதம். பெனின், டோகோ, புர்கினா பாசோ ஆகிய நாடுகளின் காடுகளிலிருந்து சிம்பன்சி போயே போய்விட்டது.

எண்ணிக்கையைவிட முக்கியமானது, இழந்ததைத் திரும்பப் பெருக்கும் வேகம். காட்டில் ஒரு பெண் சிம்பன்சி முதல் குட்டியை ஈனும்போது அதற்கு 13, 14 வயது ஆகியிருக்கும். கர்ப்பம் ஏறக்குறைய எட்டு மாதம். குட்டி நாலைந்து வயது வரை பால் குடிக்கும். அடுத்த குட்டிக்கு ஐந்து, ஆறு ஆண்டு இடைவெளி. நாற்பது வயது வரை ஒரு தாய் உயிரோடிருந்தாலும் நாலைந்து பிரசவத்துக்கு மேல் பார்க்க முடியாது. அதிலும் சில குட்டிகள் வளருமுன்பே செத்துவிடும். ஒரு தாய்ப் புலி ஒரே ஈற்றில் ஈனும் குட்டிகளைச் சிம்பன்சித் தாய் ஈன்று முடிக்கப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். ஐம்பது விலங்குகள் கொண்ட ஒரு கூட்டத்தில் வருடத்துக்கு இரண்டு வயது வந்த பெண்கள் வேட்டையில் போனால் அந்தக் கூட்டம் மீளாது. வேட்டை பெரிதாக இருக்க வேண்டியதே இல்லை. நிற்காமல் நடந்தாலே போதும்.

கே: அடர்ந்த காட்டில் ஒளிந்து வாழும் விலங்கை எப்படி எண்ணுகிறார்கள்? இந்த எண்களை நம்பலாமா?

ப: விலங்கை எண்ணுவதில்லை, கூட்டை எண்ணுகிறார்கள். பால் மறந்த ஒவ்வொரு சிம்பன்சியும் அந்திசாயும் நேரத்தில் கிளைகளை வளைத்து மடக்கிப் புதிதாக ஒரு படுக்கை கட்டும். காட்டுக்குள் நேர்கோடாகப் பாதை வகுத்து, அதில் நடந்தபடி தெரிகிற கூடுகளையும், கோட்டிலிருந்து ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர் தள்ளியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்வார்கள். தள்ளிப்போகப்போகக் கண்ணில் படுவது குறையும். அந்தக் குறைவை வைத்தே எத்தனை கூடுகள் தவறியிருக்கும் என்று கணக்கிடுவார்கள்.

கூட்டிலிருந்து விலங்குக்கு வருவது எப்படி? ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. ஒரு சதுர கிலோமீட்டரில் 180 கூடுகள். ஒரு கூடு சிதைய 90 நாள். 180-ஐ 90-ஆல் வகுத்தால் 2. பகலில் ஓய்வெடுக்கவும் சில கூடுகள் கட்டும் என்பதால் ஒரு நாளுக்கு 1.09 கூடு என்று வைத்து வகுப்பது வழக்கம்: 1.83. தாயோடு படுக்கும் குட்டிகள் கூடு கட்டாது. கூட்டத்தில் 83 சதவீதம்தான் கட்டும் என்று கொண்டால் விடை 2.2. அதாவது சதுர கிலோமீட்டருக்கு இரண்டு சிம்பன்சிக்குச் சற்று மேல்.

பிழை நுழைவது அந்த 90-ல். மர வகை, மழை, காற்று எல்லாம் சேர்ந்து கூட்டின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. ஓரிடத்தில் இரண்டு மூன்று மாதம் நிற்கும் கூடு, வேறிடத்தில் அரை வருடத்துக்கு மேலும் நிற்கும். 180 நாள் நிற்கும் காட்டில் 90 என்று போட்டால் இல்லாத சிம்பன்சி ஒன்று தாளில் பிறந்துவிடும். ஆகவே நல்ல குழு முதலில் புதுக் கூடுகளை அடையாளமிட்டு, அந்தக் காட்டிலேயே அவை எத்தனை நாளில் உதிர்கின்றன என்று பார்த்த பிறகுதான் எண்ணத் தொடங்கும். இப்போது தானியங்கிக் கேமராக்களும், சாணத்திலிருந்து எடுக்கும் மரபணுவும் துணைக்கு வந்திருக்கின்றன. ஒற்றை எண்ணாகத் தராமல் ‘இத்தனையிலிருந்து இத்தனை வரை’ என்று தரும் கணக்கை அதிகம் நம்புங்கள்.

கே: வேட்டை, காடழிப்பு, நோய் என்று அடுக்குகிறார்கள். எது முதன்மையானது?

ப: இடத்துக்கு இடம் மாறும். ஆனால் பெரும்பாலும் ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடுகிறது. காங்கோ படுகையில் மரம் வெட்டப் போடும் சாலையால் மரங்களைவிட விலங்குகளுக்கே முதலில் சேதம். நடந்து போனால் மூன்று நாள் ஆகும் இடத்துக்கு வண்டி போகத் தொடங்கியதும், காட்டு இறைச்சி அதே வண்டியில் நகரத்துக்கு வரும். மரங்கள் நின்றுகொண்டேயிருக்க, உள்ளே விலங்கில்லாத காடாக அது மாறிவிடும். செயற்கைக்கோள் படத்தில் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும்.

சிம்பன்சிக்கென்று வைக்காத கண்ணிதான் பல இடங்களில் பெரிய தொல்லை. சிறு மான்களுக்கும் காட்டுப்பன்றிக்கும் வைக்கும் சுருக்குக் கம்பி அது. சைக்கிள் பிரேக் கம்பி, வேலிக் கம்பி, எது கிடைக்கிறதோ அதில் செய்தது. வளைத்துக் கட்டிய குச்சி விடுபட்டதும் சுருக்கு இறுகும். மான் அங்கேயே மாட்டிக் கிடக்கும். சிம்பன்சிக்குப் பலம் அதிகம். குச்சியை முறித்துக்கொண்டு போய்விடும். ஆனால் சுருக்கு மணிக்கட்டிலேயே தங்கிவிடும். இழுக்க இழுக்க இறுகி, இரத்த ஓட்டம் நின்று, விரல்களோ முழுக் கையோ அழுகி விழும். உகாண்டாவின் புடோங்கோ, கிபாலே காடுகளில் நெடுநாள் கவனிக்கப்பட்ட கூட்டங்களில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை இப்படி ஊனமானவை.

கம்பியை அறுத்துவிட்டால் என்ன என்று தோன்றும். அதற்கு மயக்க ஊசி எய்ய வேண்டும். ஊசி பட்டதும் அது மரமேறும். மயக்கம் வந்ததும் இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழும். விழுந்து கிடப்பதைச் சுற்றிக் கூட்டம் காவல் நிற்கும். தாழ்வான இடம், தனியாக விலகிய நேரம், கீழே வலை பிடிக்க ஆட்கள் என எல்லாம் கூடி வந்தால்தான் மருத்துவர் கை வைப்பார். அதனால் கண்ணியைத் தேடி எடுப்பதுதான் நடைமுறையில் பலன் தருவது: அணியாக வரிசை பிடித்து நடந்து, கம்பியோடு குச்சியையும் பிடுங்கி, இடத்தைக் குறித்து, சில வாரத்தில் அதே இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். ஒருமுறை எடுத்தால் மறுபடி வைப்பார்கள். கண்ணி வைக்கும் வீட்டுக்கு இறைச்சிக்கு வேறு வழி பிறக்காமல் அந்தச் சுழற்சி நிற்காது. கினியாவில் போசூ என்ற இடத்துச் சிம்பன்சிகள் கண்ணியின் குச்சியைக் கவனமாக ஆட்டி முறித்துச் செயலிழக்கச் செய்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எல்லாக் கூட்டத்துக்கும் அந்தத் தேர்ச்சி வாய்க்கவில்லை.

சுரங்கம் தனிக் கவலை. மேற்குத் துணையினத்தின் பெரும்பகுதி கினியாவில், அதுவும் பாதுகாக்கப்பட்ட எல்லைகளுக்கு வெளியேதான் வாழ்கிறது. அலுமினியத்துக்கான பாக்சைட்டும் அங்கேயே குவிந்து கிடக்கிறது. 2024-ல் வெளியான ஓர் ஆய்வு, ஆப்பிரிக்காவின் வாலில்லாக் குரங்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அதாவது ஏறத்தாழ 1,80,000, சுரங்கங்களின் பாதிப்பு எல்லைக்குள் வரக்கூடும் என்று கணக்கிட்டது. சுரங்கத்துக்கு ஈடாக வேறிடத்தில் பூங்கா அமைத்துத் தருவதை நிறுவனங்கள் தீர்வாக முன்வைக்கின்றன. கினியாவின் மொயன்-பாஃபிங் தேசியப் பூங்கா அப்படி உருவானது. அதன் எல்லைக்குள்ளேயே பெரிய நீர்மின் அணைக்கும் திட்டம் வந்தது. ஈடாகக் கொடுத்ததையே மறுபடி எடுத்தால் அதை ஈடு என்று சொல்ல முடியாது.

கே: மனிதருக்கு வரும் சளி சிம்பன்சியைக் கொல்லும் என்பது உண்மையா?

ப: உண்மை. ஆய்வு நடக்கும் பல கூட்டங்களில் அதிக உயிர்களைக் கொண்டுபோனது நம் சளிதான். 2013-ல் கிபாலே காட்டின் கன்யவாரா கூட்டத்தில் 56 சிம்பன்சிகள். ரைனோவைரஸ் சி தாக்கி 5 இறந்தன. மனிதக் குழந்தைகளுக்குச் சாதாரணத் தடுமனாக வரும் கிருமி அது. அந்தக் கிருமி உயிரணுவைப் பற்றிக்கொள்ளும் புரதத்தில், எளிதில் தொற்றும் வடிவமே சிம்பன்சிகளிடம் இருக்கிறது; மனிதர்களில் பெரும்பாலோரிடம் அது மாறிவிட்டது. 2016-17-ல் அதே காட்டில் ங்கோகோ கூட்டத்தில் மனித மெட்டாநிமோவைரஸ் பரவி 205-ல் 25 இறந்தன. அதே சமயம் பக்கத்துக் கன்யவாரா கூட்டத்தையும் இருமல் பிடித்தது. ஒரே நோய் இரு கூட்டத்துக்கும் தாவியது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சோதித்தபோது அங்கே வேறு கிருமி. இரண்டும் மனிதரிடமிருந்து தனித்தனியாக வந்து சேர்ந்தவை.

நேரடியாகச் சாவதோடு கணக்கு முடியாது. பால்குடிக் குட்டியின் தாய் இறந்தால் பெரும்பாலும் குட்டியும் பிழைக்காது.

ஐவரி கோஸ்ட்டில் ‘தாய்’ (Taï) என்ற பெயருள்ள காட்டில் 1994-ல் எபோலா ஒரு கூட்டத்தின் கால் பங்கைக் கொண்டுபோனது. அதே காட்டில் ஆந்த்ராக்ஸ் போன்ற ஒரு கிருமி ஓயாமல் உயிர் வாங்குகிறது. அண்மையில் அங்கும் கினியா-பிசாவிலும் தொழுநோயும் கண்டறியப்பட்டது. இவற்றைத் தடுப்பது கடினம். நம் சளியைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது: முகக்கவசம், முன்பு 7 மீட்டர் என்றிருந்து இப்போது பல இடங்களில் 10 மீட்டர் ஆக்கப்பட்ட இடைவெளி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்காமை, காட்டில் உண்ணாமை, துப்பாமை. தும்மல் இருந்தால் அன்று போகவே கூடாது. நடைமுறையில் சறுக்குவது கடைசி விதியில்தான். மாதக்கணக்கில் முன்பதிவு செய்து, பெரும் பணம் கட்டி வந்த பயணி தன் தொண்டை கரகரப்பை மறைக்கிறார். பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு இருந்தால் மறைப்பவர் குறைவர்.

அப்படியானால் ஆய்வாளர்களும் பயணிகளும் போகவே வேண்டாமே என்றும் ஒரு வாசகி கேட்கிறார். ‘தாய்’ (Taï) காட்டின் அனுபவம் அதற்கு எதிரானது. கிருமியைக் கொண்டுபோனவர்கள் ஆய்வாளர்கள்தான். ஆனால் அவர்கள் நடமாடும் பகுதியில் வேட்டைக்காரர் நுழையாததால் சிம்பன்சிகள் அதிகம் மிஞ்சியதும் அங்கேதான். அதனால் காலைக் கழுவி, கவசம் போட்டு, வந்து இறங்கியதும் சில நாள் தனித்திருந்து, பிறகு போவதே சரியான வழி.

கே: தாயை இழந்த குட்டியை வீட்டில் வைத்துப் பால் கொடுத்து வளர்த்தால் என்ன குற்றம்?

ப: அது தாயை ‘இழந்த’ குட்டி அல்ல. சிம்பன்சிக் குட்டி தாயின் வயிற்றையும் முதுகையும் விட்டு இறங்காத வயதில் பிடிக்கப்படுகிறது. தாயைக் கொல்லாமல் அதைப் பிரிக்க முடியாது. காப்பாற்ற வரும் மற்றவையும் சுடப்படும். சந்தைக்கு வரும் ஒரு குட்டிக்குப் பின்னால் பல பிணங்கள். குட்டியும் தப்புவதில்லை, சிதறிய ரவைகள் அதன் உடம்பிலும் இருக்கும். 2005-2011 காலத்தில் குறைந்தது 22,218 பெருங்குரங்குகள் இந்த வணிகத்தோடு தொடர்புபட்டுக் காட்டிலிருந்து போயின என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2013 அறிக்கை கணக்கிட்டது. அதில் 64 சதவீதம் சிம்பன்சிகள்.

வளர்த்தவர் கெட்ட எண்ணத்தோடு வாங்கியிருக்க வேண்டியதில்லை. பரிதாபப்பட்டே பலர் வாங்குகிறார்கள். ஐந்து வயதுக்கு மேல் அது கடிக்கும், கதவை உடைக்கும், பிறகு சங்கிலிக்குப் போகும். நாற்பது ஐம்பது ஆண்டு வாழக்கூடியது. பரிதாபத்துக்குக் கொடுத்த பணம் வேட்டைக்காரரின் அடுத்த பயணச் செலவாகிவிடும். சரியான மீட்பு மையம் எதுவும் விலை கொடுத்து வாங்காததன் காரணமும் இதுவே. அரசு பறிமுதல் செய்ய வேண்டும், வழக்குப் பதிய வேண்டும், அதன் பிறகே ஒப்படைக்க வேண்டும்.

கே: மீட்கப்பட்ட குட்டி மையத்துக்கு வந்ததும் என்ன செய்வார்கள்? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

ப: வருவது பெரும்பாலும் ஐந்து கிலோவுக்கும் குறைந்த, வற்றிய குட்டி. முதல் வேலை நீர்ச்சத்து. உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறு சிறு மடக்காகக் கொடுப்பார்கள். பட்டினி கிடந்த உடம்பு என்று இரக்கப்பட்டு வயிறு முட்டப் பால் கொடுத்தால் கழிச்சல் வரும். உடலின் உப்புச் சமநிலை குலைந்து செத்தும் போகும். அதனால் மனிதக் குழந்தைக்கான பால்மாவை முதலில் நீர்க்கக் கரைத்து, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை என்று தொடங்கி, எடை பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். உடல் சூடு அதே அளவு முக்கியம். தாயின் தோலோடு ஒட்டிக் கிடக்க வேண்டிய உயிர் அது. தனியாகக் கூண்டில் போட்டால் பால் இறங்காது. இரவும் பகலும் ஒரே பராமரிப்பாளர் மடியிலோ முதுகிலோ வைத்திருப்பார். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் குட்டி ஆடியபடியே உட்கார்ந்திருக்கும், தன் முடியைத் தானே பிடுங்கும், தன்னையே கட்டிப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு முழுப் பரிசோதனை. இடுப்பில் கட்டிய கயிறோ கம்பியோ வளரும் சதைக்குள் புதைந்திருக்கும். மேலே முடி மூடியிருப்பதால் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரவைகளைத் தேட எக்ஸ்ரே. வயதைப் பற்களில் பார்ப்பார்கள்: பால்பற்கள் ஒரு வயதை ஒட்டி நிறையும், முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் மூன்று வயதை ஒட்டி வரும். பின்புறத்து வெள்ளை முடிக்கொத்தும் குட்டிப் பருவத்தின் அடையாளம். எடுத்த படங்கள், குறித்த காயங்கள் எல்லாம் வழக்குக்கும் சாட்சி. ஆகவே கட்டுப்போடும் முன் படம் எடுப்பது நல்ல மையங்களின் வழக்கம்.

அடுத்து, வழக்கமாக 90 நாள் தனிமைப்படுத்தல். கிராமத்திலும் சந்தையிலும் மனிதர்களோடு கிடந்ததால் காசநோய் இருக்கலாம். தோல் ஊசிச் சோதனை, எக்ஸ்ரே, சளி மாதிரி என்று திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள், ஏனென்றால் ஒரே சோதனையை நம்பி உள்ளே விட்டால் மையமே தொற்றிக்கொள்ளும். கல்லீரல் அழற்சி பி, சிம்பன்சிகளின் எஸ்ஐவி (மனிதரின் எச்ஐவிக்கு உறவான கிருமி) ஆகியவற்றுக்கு இரத்தம், குடற்புழுவுக்கு மலம். தடுப்பூசிகளும் மனிதக் குழந்தைக்குப் போடுபவைதாம். பராமரிப்பாளர் தனி உடை, கவசம், கால் கழுவும் தொட்டி தாண்டித்தான் உள்ளே போவார். அதே நாளில் மற்ற சிம்பன்சிகளிடம் போகமாட்டார்.

மிகக் கவனம் வேண்டிய கட்டம் கூட்டத்தில் சேர்ப்பது. முதலில் கம்பி வலைக்கு அப்பாலிருந்து பார்க்க விடுவார்கள். மூச்சுவிடும் ஒலி, கையை நீட்டுவது, முடி விலக்கிப் பேன் பார்ப்பது ஆகியவை வலை வழியாகவே நடக்கும். பிறகு சாந்தமான ஒரு வயது வந்த பெண்ணோடு ஒரே அறை. அது குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அதன் பிறகு கூட்டத்தில் குட்டிக்குக் காவலாக நிற்க ஆள் கிடைத்துவிடும். அடுத்து ஒவ்வொருவராகச் சேர்த்து, வளர்ந்த ஆண்களைக் கடைசியாக விடுவார்கள். அறைக்கு இரண்டு வாசல் இருக்க வேண்டும். துரத்தப்படுவது மூலையில் சிக்கினால் நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். வாரங்களிலிருந்து மாதங்கள் வரை ஆகும். இடம் நெருக்கடி என்று அவசரப்படுத்தியதில்தான் பெரும்பாலும் விரல்களும் காதுகளும் போகின்றன.

கே: வளர்ந்த பிறகு காட்டில் விட்டுவிடலாமே? ஏன் ஆயுளுக்கும் அடைத்து வைக்கிறார்கள்?

ப: முயன்றிருக்கிறார்கள். காங்கோ குடியரசின் கொங்குவாட்டி பகுதியில் ஹெல்ப் காங்கோ அமைப்பு 1996-க்கும் 2001-க்கும் இடையில் 37 சிம்பன்சிகளைக் காட்டில் விட்டது. பல தழைத்தன; பெண்கள் காட்டு ஆண்களோடு சேர்ந்து குட்டியும் ஈன்றன. ஆனால் விடப்பட்ட ஆண்களைக் காட்டு ஆண்கள் தாக்கின. மருத்துவர்கள் பின்தொடர்ந்து தைத்துக் காப்பாற்றியிருக்காவிட்டால் சாவு இன்னும் கூடியிருக்கும். கினியாவில் சிம்பன்சிப் பாதுகாப்பு மையம் 2008-ல் 12 விலங்குகளைக் கழுத்தில் கருவிப் பட்டையோடு மேல் நைஜர் தேசியப் பூங்காவில் விட்டது. சில அங்கேயே தங்கின. சில மையத்துக்கே திரும்பின.

சிம்பன்சிகளின் ஆண்கள் தங்கள் எல்லையை உயிரைக் கொடுத்துக் காப்பவை. ஆகவே வேறு கூட்டம் நிறைந்த காட்டில் விடக் கூடாது. சிம்பன்சியே இல்லாத நல்ல காடு வேண்டும்; ஆனால் நல்ல காட்டில் ஏன் சிம்பன்சி இல்லை? வேட்டை நடந்திருக்கும். அந்த வேட்டை நின்றதா என்று உறுதியாகாமல் விடுவது கொலைக்குச் சமம். இதற்கு மேல், வருடம் முழுக்கப் பழம் கிடைக்கிறதா, அதே துணையினத்தின் பகுதியா, மனிதக் கிருமியைக் காட்டுக்குக் கொண்டுபோகாதா, ஊரிலிருந்து போதிய தூரமா என்றெல்லாம் பார்க்க வேண்டும். மனிதரிடம் பயமில்லாமல் வளர்ந்த 50 கிலோ ஆண் சிம்பன்சி ஊருக்குள் வந்தால், அடுத்த வாரம் அந்த ஊரே சிம்பன்சிக்கு எதிராகிவிடும். எதைத் தின்பது என்ற அறிவும் பெருமளவு தாயிடம் வருடக்கணக்கில் பார்த்துப் பழகுவதுதான்.

எனவே பல மையங்கள் இடைவழியைத் தேர்ந்தெடுத்தன: மின்வேலி போட்ட பெரிய காட்டுத் துண்டு, அல்லது தீவு. சிம்பன்சிக்கு நீந்த வராது. நீர் நல்ல வேலி. காங்கோவின் சிம்பூங்கா மையம் 1992-ல் தொடங்கியது. கூயிலூ ஆற்றுத் தீவுகளையும் பயன்படுத்துகிறது. உகாண்டாவில் விக்டோரியா ஏரியிலுள்ள ங்காம்பா தீவு மையம் 1998-லிருந்து இயங்குகிறது. அந்தத் தீவு ஏறத்தாழ 40 ஹெக்டேர். சுமார் ஐம்பது சிம்பன்சிகள். காட்டிலே ஒரு கூட்டம் பத்து, இருபது சதுர கிலோமீட்டரில் அலையும். தீவின் மரங்கள் அத்தனை வயிற்றுக்குப் போதாது என்பதால் தினமும் பல வேளை படகில் வந்த உணவு போட வேண்டும். பார்ப்பதற்குக் காடு மாதிரி இருந்தாலும் அது பராமரிப்பு இல்லமே.

கே: இனம் அருகுகிறது என்றால் மையங்களில் இனப்பெருக்கம் செய்யலாமே?

ப: கூடாது. ஒரு குட்டி பிறந்தால், விட முடியாத ஒன்றுக்கு ஐம்பது வருட உணவும் இடமும் ஒதுக்கியாக வேண்டும்; அந்த இடத்தில் நாளை பறிமுதலாகும் அநாதைக் குட்டி ஒன்றை ஏற்க முடியாமல் போகும். அதனால் பெண்களுக்குத் தோலுக்கடியில் கருத்தடைக் குச்சி பதிக்கிறார்கள். சுமார் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கை எளிதில் எட்டாத இடத்தில் பதித்தாலும், ஒன்றுக்கொன்று முடி பார்க்கும்போது தோண்டி எடுத்துவிடுவதுண்டு. எதிர்பாராத பிறப்புகள் அப்படித்தான். தன் மையத்தில் ‘இந்த வருடம் இத்தனை குட்டிகள்’ என்று பெருமையாக விளம்பரப்படுத்தும் இடத்தைச் சந்தேகியுங்கள்.

கே: இத்தனை பணத்தைக் கூண்டுக்குள் இருப்பவற்றுக்குச் செலவழிப்பதைவிடக் காட்டைக் காக்கச் செலவழித்தால் அதிகம் பிழைக்குமே?

ப: தலைக்கணக்குப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஒரு குட்டியின் ஆயுள் செலவில் எத்தனையோ காவலர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம். ஆனால் மையம் இல்லாமல் சட்டம் நடக்காது. சிம்பன்சியை வைத்திருப்பது அதன் வாழிட நாடுகளில் சட்டவிரோதம். பன்னாட்டு வணிகத்தையும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியல் தடுக்கிறது. ஓர் அதிகாரி சோதனைச் சாவடியில் குட்டியைப் பிடித்தார் என்று வையுங்கள். அன்றிரவு அதை எங்கே வைப்பார்? இடமில்லையென்றால் அபராதம் வாங்கிக்கொண்டு வைத்திருந்தவரிடமே விட்டுவிடுவார், அல்லது பார்க்காததுபோல் இருந்துவிடுவார். மையம் இருந்தால் பறிமுதல் நடக்கும், வழக்கு நடக்கும், வணிகரின் துணிச்சல் குறையும். ஆப்பிரிக்கா முழுவதிலும் இருபதுக்கும் மேற்பட்ட மையங்கள் 2000-ல் உருவான அனைத்து ஆப்பிரிக்கச் சரணாலயக் கூட்டமைப்பில் சேர்ந்து பொது விதிகளின்படி இயங்குவதும் இந்த வேலையைச் சீராக்குவதற்கே.

சியரா லியோனைப் பாருங்கள். இலங்கையில் பிறந்த பாலா அமரசேகரன் 1988-ல் கட்டிப் போடப்பட்டிருந்த ஒரு குட்டியை வாங்கினார். புரூனோ என்று பெயர் வைத்தார். அப்போது அந்த நாட்டில் மையம் ஏதுமில்லை. 1995-ல் ஃப்ரீடவுன் அருகே டாகுகாமா மையம் பிறந்தது. உள்நாட்டுப் போரையும் எபோலாவையும் அது தாண்டியது. 2006-ல் புரூனோ உட்பட 31 சிம்பன்சிகள் மையத்திலிருந்து தப்பி ஓடின. அவை தாக்கியதில் ஓர் ஓட்டுநர் கொல்லப்பட்டார். பெரும்பாலானவை திரும்பி வந்தன அல்லது பிடிபட்டன, புரூனோ திரும்பவில்லை. அந்த நாள் கற்றுத் தந்தது, பூட்டும் கதவு வரிசையும் அன்றாடம் இருவர் சரிபார்க்க வேண்டியவை என்பது. பல வருடக் கிராமப் பணிக்குப் பிறகு 2019-ல் சிம்பன்சி அந்நாட்டின் தேசிய விலங்கானது. ஆனால் 2025-ல் மையத்தைச் சுற்றியுள்ள காட்டை ஆக்கிரமிப்பாளர் வெட்டித் தீர்ப்பதை எதிர்த்து, டாகுகாமா தன் வாசலைப் பார்வையாளருக்கு மூடியது. காடு போனால் மையமும் போகும். ஆகவே ‘இதுவா அதுவா’ என்பதைவிட, மையம் வேலியோடு நிற்காமல் வேலிக்கு வெளியே என்ன செய்கிறது என்று கேட்பதே பயன்.

பணம் இன்னொரு பாடமும் சொல்கிறது. லைபீரியாவில் ஆய்வுக்குப் பயன்படுத்தி முடித்து ஆற்றுத் தீவுகளில் விடப்பட்ட 66 சிம்பன்சிகளுக்கு, நியூயார்க் இரத்த மையம் 2015-ல் நிதியை நிறுத்தியது. தீவில் தின்ன எதுவுமில்லை. வெளியிலிருந்து திரண்ட உதவியில்தான் அவை பிழைத்தன. 2017-ல் அந்த நிறுவனம் 60 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. ஐம்பது வருடப் பொறுப்பை வருடாந்தர நன்கொடையில் நடத்துவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

கே: குட்டிச் சிம்பன்சிக்குப் புட்டிப்பால் கொடுக்கும் காணொளிகளைப் பகிர்வதால் என்ன கேடு?

ப: மனிதரோடு சிம்பன்சி இருக்கும் படத்தைப் பார்த்தவர்கள், அந்த இனத்துக்கு ஆபத்தில்லை என்றும் வளர்க்கலாம் என்றும் எண்ணும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நல்ல மையம் எடுத்த படமானாலும், பகிர்ந்து பகிர்ந்து மூன்றாவது கையில் விளக்கம் உதிர்ந்து குட்டி மட்டும் மிஞ்சும். பகிராமல், ‘அழகு’ என்று கருத்தும் போடாமல் விடுங்கள். கருத்து எதுவானாலும் அந்தக் காணொளி இன்னும் பலரிடம் போகும். விற்பனைக்கு என்று தெரிந்தால் திரையில் தெரிவதைப் படமாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து, தேதியும் கணக்கின் பெயரும் தெரியும்படி, அந்தத் தளத்துக்கும் அந்த நாட்டு வனவிலங்குத் துறைக்கும் தனியாக அனுப்புங்கள். விற்பவரிடம் விலை கேட்காதீர்கள்.

கே: நன்கொடை தரவோ தன்னார்வலராகப் போகவோ விரும்புகிறேன். நல்ல மையத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: முதலில் பார்வையாளர் சிம்பன்சியைத் தொட முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். விலைக்கு வாங்குகிறார்களா, இனப்பெருக்கம் செய்கிறார்களா, வித்தை காட்ட வைக்கிறார்களா என்பன அடுத்த கேள்விகள். ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் வேண்டாம். அனைத்து ஆப்பிரிக்கக் கூட்டமைப்பிலோ, உலகச் சரணாலயக் கூட்டமைப்பின் அங்கீகாரப் பட்டியலிலோ பெயர் இருக்கிறதா என்று சரிபாருங்கள். கடிதம் எழுதிச் சில விஷயம் கேளுங்கள்: கடந்த வருடம் எத்தனை வந்தன, எத்தனை இறந்தன, ஏன், வழக்குகள் எத்தனை தீர்ப்புக்குப் போயின, எத்தனை மாதச் செலவுக்குக் கையிருப்பு இருக்கிறது, உள்ளூர்ப் பணியாளருக்குச் சம்பளமும் காப்பீடும் உண்டா. சாவுக் கணக்கைக் காரணத்தோடு சொல்லும் மையம் நம்பத்தக்கது.

காவல் ஏற்பாட்டையும் விசாரியுங்கள். 2022 செப்டம்பரில் காங்கோ ஜனநாயகக் குடியரசின் லுபும்பாஷியில் ஜாக் மையத்திலிருந்து மூன்று குட்டிகளைக் கடத்திப் பணயம் கேட்டார்கள். இப்போது இரவுக் காவலும் தீவனத்துக்கு இணையான செலவு.

ஒரு குறிப்பிட்ட சிம்பன்சியின் பெயரில் தருவதைவிட, நிபந்தனையில்லாமல் மாதந்தோறும் சிறு தொகை தருவது அவர்களுக்கு உதவும். பால்மாவுக்கென்று வந்த பணத்தில் மின்வேலியின் பேட்டரி வாங்க முடியாது. தன்னார்வலராகப் போவதென்றால் காசநோய்ச் சோதனை, கல்லீரல் அழற்சி மற்றும் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று, போனதும் சில நாள் விலகியிருத்தல் எல்லாம் கேட்பார்கள். எதுவும் கேட்காமல் குட்டியை மடியில் தரும் இடத்துக்குப் போகாதீர்கள். கணக்கெழுத, குழாய் சரிசெய்ய, மின்சாரம் பார்க்கத் தெரிந்தவர் என்றால் அதை விண்ணப்பத்தில் முதலில் எழுதுங்கள். பெரும்பாலான மையங்களுக்குக் குட்டி தூக்க ஆள் தட்டுப்பாடில்லை. தண்ணீர் மோட்டாரைப் பழுதுபார்க்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.